மாடித்தோட்டம் வைக்கிறவங்ககிட்ட ஒரு விவசாயி சொல்ல நினைக்கிறது



கொத்தவரங்காய் பறிப்பு நடக்குது, அதான் ரெண்டு வாரமா எதுவும் எழுத முடியல. நேத்து சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சரம்மா மாடியில நின்னுக்கிட்டே கூப்பிட்டாங்க. "தம்பி, தக்காளி பூவா பூக்குது, ஒண்ணு கூட காய் பிடிக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். பன்னெண்டு பையில தக்காளி. செடி நல்லாத்தான் இருக்கு, இலை பச்சையா இருக்கு. பூ எல்லாம் காம்போட உதிர்ந்து தரையில கிடக்கு. இதுக்கு மருந்தும் கிடையாது, உரமும் கிடையாது. இப்ப வைகாசி. மாடித் தரையில வெறுங்காலோட நிக்க முடியல. ராத்திரி பத்து மணிக்கும் அந்தத் தளம் அனல் விடுது. இந்தச் சூட்டுல தக்காளி பூ நிக்காது. கிணத்தோரம் நிழல்ல நான் போட்டாலும் நிக்காது.

"யூடியூப்ல பிப்ரவரியில விதைக்கச் சொன்னாங்களே" அப்படின்னாங்க. யார் சொன்னாங்கன்னு கேட்டேன். பெங்களூர்ல இருந்து ஒருத்தராம். பெங்களூர்ல சரியாத்தான் இருக்கும். தாம்பரத்துக்கு எப்படி சரியா வரும்?

இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள்ல ஆடி வந்துடும். மேற்குத் தாம்பரத்துல இருந்து மண்ணிவாக்கம் வரைக்கும், இந்தப் பக்கம் சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் வரைக்கும் மாடி வீட்டுக்காரங்க எல்லாம் விதை வாங்க ஓடுவாங்க. அதுக்கு முன்னாடி சொல்லிட்டா நல்லது.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். மாடித்தோட்டம்னா எனக்கு ஒரு காலத்துல சிரிப்புத்தான். 2013 வாக்கில தோட்டக்கலைத் துறை "நீங்களே செய்து பாருங்கள்"னு மானிய விலையில ஒரு தளை கொடுத்துச்சு. பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் அதுல வரும். டீச்சரம்மா வீட்டுக்கு அது வந்து இறங்கினப்ப நானும் பக்கத்து கழனிக்காரரும் டீக்கடையில உக்காந்து சிரிச்சோம். "பையில விவசாயம் பண்ணப் போறாங்களாம், அறுவடைக்கு மெஷின் அனுப்பலாமா"ன்னு அவர் கேட்டார். இன்னிக்கு அந்த ஆள் நிலத்துல அபார்ட்மெண்ட் நிக்குது. அவர் இப்ப மூணாவது மாடியில நாலு தொட்டியில கீரை போட்டுக்கிட்டு எனக்கு போன் பண்ணி சந்தேகம் கேக்குறார்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

நம்ம செங்கல்பட்டு ஜில்லாப் பக்கம் பெரியவங்க வருஷத்தை மூணா வெச்சிருந்தாங்க. சொர்ணவாரி, சம்பா, நவரை. இது மூணும் நெல்லுப் பட்டம்தான், ஆனா காய்கறிக்கும் அதுதான் கணக்கு. சித்திரையில ஆரம்பிச்சு ஆடி, ஆவணியில அறுக்கிறது சொர்ணவாரி. மழையோட நிக்கிறது சம்பா. மழை விட்டப்புறம் மார்கழி, தையில நட்டு பங்குனி, சித்திரையில அறுக்கிறது நவரை. பள்ளிக்கூடப் புத்தகத்துல போட்டிருந்த வசந்தகாலம், இலையுதிர்காலம் எல்லாம் எங்க கழனிப் பக்கம் வந்ததே இல்ல.

"ஆடிப் பட்டம் தேடி விதை" எல்லாருக்கும் தெரியும். ஆனா எதை விதைக்கணும், ஆடியில எப்ப விதைக்கணும்னு யாரும் கேக்குறதில்ல. நமக்கு வருஷத்து மழையில பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையில கொட்டிடும். ஆடி, ஆவணியில வர்றது சாயங்கால இடிமழை. மதியம் வரைக்கும் வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு மேல மேக்கால கறுத்துக்கிட்டு வந்து அரைமணி நேரம் அடிச்சிட்டுப் போகும். விதை முளைக்கிறதுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்ல. ஆனா ஆடி முதல் வாரத்துலயே போட்டாத்தான் ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி செடி காலை ஊணி நிக்கும். புடலை, பீர்க்கன், சுரை, அவரை, கத்திரி இதெல்லாம் ஆடிக்கு. கத்திரியை ஆடியில நாத்து விட்டு ஆவணியில எடுத்து நட்டா, மழை வர்றப்ப தண்டு கெட்டியாயிடும்.

டவுன்காரங்க என்ன பண்றாங்கன்னா, ஆடி முழுக்க பை வாங்குறதுலயும் மண் கலக்குறதுலயும் போயிடுது. ஆவணியில விநாயகர் சதுர்த்தி, புரட்டாசியில கொலு. அதெல்லாம் முடிஞ்சு புரட்டாசி கடைசியில விதைப்பாங்க. ரெண்டு இலை விட்டு நிக்கிறப்ப ஐப்பசி மழை பிடிச்சிக்கும், நாத்து அழுகிப்போகும். உடனே "எனக்குக் கைராசி இல்ல"ன்னு விட்டுடுவாங்க. கைராசி எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நாள்தான் தப்பு.

தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லி, பீன்ஸ் எல்லாம் திருக்கார்த்திகை தீபம் முடிஞ்சு மழை ஓஞ்ச பிறகு வைங்க. மார்கழிப் பனியில தக்காளி பூத்தா அத்தனையும் பிடிக்கும். அந்த ரெண்டு மாசம்தான் நமக்கு ஊட்டி. கோஸ், காலிபிளவர் ஆசை இருக்கிறவங்களும் அப்பவே தீர்த்துக்கலாம். தைக்கு வெண்டை, கொத்தவரை, வெள்ளரி. அது வெயில் தாங்கும்.

அடைமழை ஒண்ணரை மாசம் என்ன பண்றதுன்னு கேப்பாங்க. ஒண்ணும் பண்ண வேணாம். நானே கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். பையைத் தரையில வைக்காம ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க, அடியில தட்டு இருந்தா எடுத்துடுங்க. பக்கவாட்டுல ஓட்டை போட்டு வைங்க. முக்கியமா மாடித் தண்ணி இறங்குற குழாய் வாயைத் தினம் பாருங்க. தேங்காநார்த் தூளும் காஞ்ச இலையும் போய் அடைச்சுக்கும். அப்புறம் தளத்துல தண்ணி தேங்கி கீழ ஹால்ல ஒழுகும். செடிதான் காரணம்னு வீட்ல சண்டை வரும், தோட்டம் அதோட முடிஞ்சுது. நான் பார்த்த வரைக்கும் பூச்சியால நின்ன மாடித்தோட்டத்தை விட ஒழுகி நின்ன மாடித்தோட்டம்தான் அதிகம்.

பூச்சின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. செம்பருத்தியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கே, மாவுப்பூச்சி, அதுக்குக் கண்ட மருந்தையும் அடிக்காதீங்க. 2008ல கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒண்ணு புதுசா வந்துச்சு. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாத்தையும் மொட்டையடிச்சுட்டு நம்ம பக்கமும் வந்துச்சு. என்ன மருந்து அடிச்சும் கேக்கல. கடைசியில 2010ல வெளிநாட்டுல இருந்து ஒரு பொடி குளவியைக் கொண்டு வந்து விட்டாங்க. கண்ணுக்கே சரியாத் தெரியாது. அது போய் மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சு, ஒண்ணு ரெண்டு வருஷத்துல அதை அடக்கிடுச்சு. மாடியில மருந்து அடிச்சா முதல்ல சாகுறது அந்தக் குளவிதான். தண்ணியைப் பீச்சி அடிச்சு, வேப்பெண்ணெய்ல கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிச்சாலே போதும்.

வெயில் காலத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்க, இலைச்சருகு போட்டு பை மண்ணை மூடுங்க. விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பொழுது சாஞ்சு ஒரு தடவை தண்ணி. ஆர்ஓ மெஷின்ல வெளிய தள்ளுற தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க, அது முழுக்க உப்பு. அரிசி கழுவின தண்ணி ஊத்துங்க. 2019 கோடை மாதிரி வந்தா அதுவும் பத்தாது. அந்த ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சு கிடந்துச்சு. எங்க கிணத்துலயே ஒரு மணி நேரம்தான் மோட்டார் ஓடும். டீச்சரம்மா முப்பது பையையும் காய விட்டுட்டு கற்றாழை, கற்பூரவள்ளி, பிரண்டை மூணை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. குடிக்கிற தண்ணி லாரியில வர்றப்ப வெண்டைக்கு ஊத்த மனசு வரலன்னாங்க. அது சரியான முடிவு. காய விடுறதும் விவசாயம்தான், நாங்க அதை எத்தனையோ தடவை பண்ணியிருக்கோம்.

இது வரைக்கும் சொன்னது பட்டத்தைப் பத்தி. இனிமே சொல்றது கொஞ்சம் கோவமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நம்ம பக்கம் புது வீடு கட்டுறவங்க என்ன பண்றாங்க? ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டுல வீடு. சுத்தி இருக்கிற மூணு அடி, நாலு அடி இடம் முழுக்க சிமெண்ட் போட்டு மேல டைல்ஸ். மண்ணே தெரியக்கூடாது. செருப்புல சேறு ஒட்டுமாம், பாம்பு வருமாம். அப்புறம் மாடிக்குப் போய், காசு கொடுத்து வாங்கின பையில காசு கொடுத்து வாங்கின தேங்காநாரைப் போட்டு செடி வைக்கிறாங்க. காலுக்குக் கீழ நூறு வருஷமா நெல் விளைஞ்ச மண்ணு இருக்கு. அதை மூடிட்டு மாடியில மண் தேடினா என்ன அர்த்தம்? அந்த மண்ணு குடிக்க வேண்டிய மழையெல்லாம் தெருவுல ஓடி அடுத்தவன் வீட்டு வாசப்படி ஏறுது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு கேட்டா, அதையும் சொல்லிடறேன். இதுவரைக்கும் இங்க எழுதினதில்ல.

டீச்சரம்மா வீடு இருக்கிற இடம் எங்களோடது. அப்பா காலத்துல ஒண்ணரை ஏக்கர். அப்பாவோட வைத்தியச் செலவு, தங்கச்சி கல்யாணக் கடன், எல்லாம் சேர்ந்து 2007ல 80 சென்ட் வித்தேன். மீதி 70 சென்ட்லதான் இப்ப பயிர் வைக்கிறேன். வித்தது எந்த 80 சென்ட்னா, ஆத்துப் பக்கம் சரிவா இருந்த தாழ்வான கழனி. அதுல ஒரு மூலை எங்க நாத்தங்கால். மழைக்காலத்துல ஏரித் தண்ணி வழிஞ்சா முதல்ல வந்து நிக்கிறது அங்கதான். அப்பா அந்த மூலையில சம்பாவுக்குத் தண்ணி தாங்குற நெல்லைத் தவிர வேற எதுவும் வைக்க மாட்டார். வாங்கினவர் கட்டிட இடிபாட்டைக் கொட்டி ரெண்டடி ஏத்தி, கல்லு நட்டு மனையாக்கிட்டார்.

டீச்சரம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் மனை பார்க்க வந்தப்ப நான் வரப்புல நின்னுக்கிட்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "இங்க தண்ணி எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டார். "பதினஞ்சு அடியில தண்ணி சார், இனிப்பா இருக்கும்"னேன். பொய் இல்ல. அவர் கேட்டது குடிக்கிற தண்ணியை. நிக்கிற தண்ணியைப் பத்தி அவருக்குக் கேக்கத் தெரியல, எனக்குச் சொல்லத் தெரிஞ்சும் சொல்லல. புரோக்கர் பக்கத்துல நின்னார். இன்னும் பாக்கிப் பணம் எனக்கு வர வேண்டியிருந்துச்சு.

2015 டிசம்பர் 1 ராத்திரி. மறுநாள் காலையில கணக்கு எடுத்தப்ப தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. எல்லாரும் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம்னு இன்னிக்கு வரைக்கும் பேசுறாங்க. செம்பரம்பாக்கத்துத் தண்ணி அடையாத்துல சேர்றது திருநீர்மலைகிட்ட. நாங்க அதுக்கு மேல இருக்கோம். முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகினது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிங்க நிரம்பி வழிஞ்ச தண்ணியிலயும், இங்கயே பெஞ்ச மழையிலயும். அந்தத் தண்ணிக்கு வழி தெரியும். மனை எண் எல்லாம் அதுக்குத் தெரியாது. எங்க நாத்தங்கால் மூலையைத் தேடிக்கிட்டு நேரா வந்துச்சு. டீச்சரம்மா வீட்ல கீழ்த்தளம் ஜன்னல் வரைக்கும். ரெண்டு பேரும் ஒரு ராத்திரி ஒரு பகல் மாடியில, செடிப் பைங்களுக்கு நடுவுல ஒரு தார்ப்பாயைப் போத்திக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் படகுல வந்து இறக்கினாங்க. அந்தப் படகு எங்க கழனி மேலதான் போச்சு. என் கத்திரியும் அதுக்கு அடியில.

தண்ணி வடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு நானே போய்ச் சொன்னேன். "டீச்சர், இது தண்ணி நிக்கிற இடம்னு எனக்குத் தெரியும். அன்னிக்குச் சொல்லியிருக்கணும்." அவங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டார். டீச்சரம்மா கொஞ்ச நேரம் கழிச்சு, "தெரிஞ்சிருந்தாலும் வாங்கித்தான் இருப்போம் தம்பி. எங்ககிட்ட இருந்த காசுக்குத் தாம்பரம் பக்கத்துல இதுதான் கிடைச்சுது"ன்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது? பதில் சொல்லாம உக்காந்திருந்தேன். "சரி, இந்தச் சிமெண்ட்டை ஒடைச்சுட்டா தண்ணி கொஞ்சமாவது உள்ள இறங்குமா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கோடையில கடப்பாரையை எடுத்துக்கிட்டு நானே போனேன். வீட்டுக்கு மேக்கால நாலு அடி அகலம், முப்பது அடி நீளம், சிமெண்ட்டைப் பேத்தோம். கீழ ரெண்டடி இடிபாடு. ஓட்டுச்சில்லு, டைல்ஸ் துண்டு, யார் வீட்டுதோ ஒரு கக்கூஸ் பேசின் பாதி. அதையெல்லாம் வாரிக் கொட்டினதும் கறுப்பா, பிசுக்குன்னு எங்க களிமண்ணு வந்துச்சு. ஒம்பது வருஷமா வெளிச்சம் படாத மண்ணு. கையில எடுத்துப் பார்த்தேன். நாத்து பறிக்கிறப்ப வர்ற அதே வாசனை. அதுல மணலும் மக்கின எருவும் கலந்து, வாழையும் கறிவேப்பிலையும் வெச்சோம், ஓரமா ஒரு முருங்கை. அதே வருஷம் டிசம்பர் 12 வர்தா புயல்ல முருங்கையும் வாழையும் போச்சு. முருங்கை எப்பவும் காத்துக்கு நிக்காது. முறிஞ்ச கிளையையே வெட்டி நட்டோம், வந்துடுச்சு. 2020ல நிவர் அப்பவும், 2021 நவம்பர்லயும், 2023ல மிக்ஜாம் அப்பவும் தெருவுல தண்ணி வந்துச்சு. நாலடி மண்ணு வெள்ளத்தைத் தடுத்துடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மழை விட்டதும் முதல்ல காயிறது அவங்க வீட்டுப் பக்கம்தான். தெருவுல இன்னும் ஆறு வீட்ல சிமெண்ட்டை ஒடைச்சிருக்காங்க.

காசுக் கணக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. டீச்சரம்மா நோட்டுப் போட்டு எழுதுறவங்க. ஒரு வருஷம் தக்காளிக்கு ஆன செலவு 1400 ரூபாய், கிடைச்சது நாலேகால் கிலோ. கிலோ 329 ரூபாய் ஆச்சுன்னு அவங்களே கணக்குப் போட்டுச் சிரிச்சாங்க. 2023 ஜூலையில தக்காளி 100 ரூபாயைத் தாண்டினப்ப, ரேஷன் கடையில 60 ரூபாய்க்குப் போட்டாங்களே, அப்ப டிவியில எல்லாரும் விலை விலைன்னு கத்தினாங்க. டீச்சரம்மா கத்தல. பத்து ரூபாய்க்கு வித்தப்ப நாங்க ரோட்டோரம் கொட்டினதையும் அவங்க பார்த்தவங்க. கீரைக்கார அம்மாகிட்ட அவங்க இப்ப பேரம் பேசுறதே இல்ல. அதனால, மாடியில வளர்த்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. "விவசாயி இல்லாமலே நம்ம காயை நாமே விளைவிக்கலாம்"னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. ஒரு வீட்டுக்கு ஒரு வேளைப் பொரியலுக்கே வெண்டைச் செடி ஆறு ஏழு வேணும்.

ஆனாலும் நீங்க வைக்கணும்னுதான் நான் சொல்லுவேன். 2020 மே மாசம் கோயம்பேடு மூடி, திருமழிசைக்கு மார்க்கெட் மாத்தினப்ப, என் 30 சென்ட் கத்திரி செடியிலயே முத்திக்கிட்டிருந்துச்சு. வண்டி கிடையாது, போனா போலீஸ் நிறுத்தும். டீச்சரம்மாதான் மாடியில செடி வைக்கிற பொம்பளைங்க பதினாலு பேருக்குப் போன் பண்ணி, ஒவ்வொருத்தரா வரப்புக்கு வரச் சொன்னாங்க. சொத்தைக் கத்திரியைப் பார்த்து அவங்க யாரும் முகம் சுளிக்கல, புழு வெச்ச இடத்தை வெட்டிட்டுப் பண்ணிக்கலாம்னு வாங்கிட்டுப் போனாங்க. தன் வீட்ல ஒரு கத்திரிச் செடி வெச்சவங்களுக்குத்தான் அது தெரியும். அந்தப் பதினாலு வீட்ல பதினோரு வீடு இன்னிக்கும் என்கிட்டதான் காய் வாங்குறாங்க. இப்ப இருக்கிற 70 சென்ட்டைக் கேட்டு மாசத்துக்கு ரெண்டு புரோக்கர் வர்றாங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு அவங்க சொல்ற விலையைக் கேட்டா தலை சுத்துது. என் பையனுக்குத் தூக்கம் வரல. எனக்கும் சில நாள் வரதில்ல. அந்தப் பதினோரு வீடு இல்லேன்னா எப்பவோ கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நேத்து டீச்சரம்மாகிட்ட தக்காளியைப் பிடுங்கிடச் சொன்னேன். மனசு வரல அவங்களுக்கு. "பேத்தி வெச்சது தம்பி, அவ ஊர்ல இருந்து வர்ற வரைக்கும் இருக்கட்டும்." சரின்னு ஒரு பையை மட்டும் கீழ் வாசல்ல, முருங்கை நிழல்ல கொண்டு வந்து வெச்சேன். மீதிப் பதினொண்ணையும் கொட்டி, அந்த மண்ணை ஆடி வரைக்கும் வெயில்ல காய விட்டு, வேப்பம்பிண்ணாக்கு கலந்து வைக்கச் சொல்லியிருக்கேன். புடலை விதை நான் தரேன், போன வருஷம் முத்த விட்டு எடுத்தது. வேணுங்கிறவங்க சனிக்கிழமை காலையில கழனிப் பக்கம் வாங்க, ஆளுக்கு அஞ்சு விதை இருக்கு.

கொத்தவரைக்குத் தண்ணி கட்டணும். மும்முனை கரண்டு நாலு மணிக்கு வரும்னாங்க. கிளம்புறேன்.